ரேஞ்சில் (சுடுதளத்தில்) பாதுகாப்பு: துப்பாக்கிச் சுடுதல் பழக வருபவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ரைபிள் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம். அடுத்தது, தேசியப் போட்டிக்குப் போக எத்தனை வருடம் ஆகும் என்பது. பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்கிறவர்களும் பயிற்சியாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தோடு குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவையும், கேட்டிருக்க வேண்டியவையும் கீழே உள்ளன. 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல்தான் இங்கே பெரும்பாலோர் தொடங்கும் இடம் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். தோட்டாத் துப்பாக்கியும் (வெடிமருந்தால் சுடுவது) ஷாட்கன்னும் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளை வீசுவது) தேவைப்படும் இடத்தில் வரும்.

உண்மையைச் சொல்லுங்கள், இது ஆபத்தான விளையாட்டுதானே?

துப்பாக்கி ஆபத்தான பொருள். ஒழுங்காக நடத்தப்படும் ரேஞ்ச் ஆபத்தான இடம் அல்ல. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. சுடும் நேரத்தைத்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று நினைக்கிறார்கள். பத்துப் பேர் வரிசையாக நின்று இலக்கைக் குறிபார்க்கும்போது பத்துத் துப்பாக்கிகளும் ஒரே திசையில், சுவரை நோக்கி இருக்கின்றன. அப்போது யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுப்பது, சிக்கிக்கொண்டதைச் சரிசெய்வது, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதும் திரும்புவது, நண்பனிடம் காட்டுவது, போட்டோவுக்கு நிற்பது, பயிற்சி முடிந்து அவசரமாகப் பெட்டிக்குள் வைப்பது ஆகிய நேரங்களில்தான் கவனம் தப்புகிறது. ரேஞ்ச் விதிகளைப் படித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பகுதி, சுடாத நேரத்தில் துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இருக்கும்.

ஏர் ரைபிள்தானே? மெரினாவில் பலூன் சுடுகிறோமே, அது மாதிரிதானே?

போட்டிக்கான ஏர் ரைபிளிலிருந்து 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு (பெல்லட்) விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். தோலைத் துளைக்க அந்த வேகம் போதும். கண்ணைப் பறிக்க அதைவிட மிகக் குறைந்த வேகமே போதும். காற்றுத் துப்பாக்கியால் குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது கண் காயத்தைத்தான், ஏனென்றால் பல நேரங்களில் பார்வை திரும்புவதில்லை.

பலூன் கடையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அங்கே துப்பாக்கியைக் கையில் கொடுப்பவர் குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பலூன் பலகைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் நடமாடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு ரேஞ்சுக்கு வரும் பெரியவர்களைத் திருத்துவதைவிட, துப்பாக்கியைத் தொட்டே இராத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது.

முதல் நாளே மனத்தில் பதிய வேண்டிய விதி எது?

குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரவலாக்கிய நான்கு விதிகளை உலகம் முழுவதும் ஏதாவது ஒரு வடிவத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே எண்ண வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பக் கூடாது. குறி அமையும்வரை விரல் விசைக்கு (ட்ரிக்கருக்கு) வெளியே இருக்க வேண்டும். இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் பெரும்பாலும் யாருக்கும் காயம் ஆகாது. விரல் தவறி விசையில் பட்டாலும் குழல் சுவரைப் பார்த்திருந்தால் சுவரில் ஒரு துளை, ஒரு திட்டு, அவ்வளவுதான். குழலும் விரலும் சேர்ந்து தவறும்போதுதான் மருத்துவமனைக்கு ஓட நேரிடுகிறது.

புதியவர்கள் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். பயிற்சியாளர் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பையன் "சார்" என்று திரும்புகிறான். தலை திரும்பும்போது தோளும் திரும்புகிறது, தோளோடு ரைபிளும் திரும்பி, பக்கத்து லேனில் (சுடுமிடத்தில்) இருப்பவரின் விலாவைக் குழல் கடந்து போகிறது. அவனுக்கு அது தெரியவே தெரியாது. முதலில் துப்பாக்கியை மேசையில் வைக்க வேண்டும், அதன் பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். யார் கூப்பிட்டாலும் இதே வரிசைதான், கூப்பிடுவது கிளப் செயலாளராக இருந்தாலும் சரி. நல்ல பயிற்சியாளர்கள் முதல் வாரத்தில் வேண்டுமென்றே பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

விரலைப் பற்றி இன்னொன்று. ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. தேர்ந்தவர்கள் 100 கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்வார்கள். தடித்த கையுறை போட்ட விரல் சற்று உரசினாலே துப்பாக்கி சுட்டுவிடும். ஆகவே ரைபிளைத் தூக்கும்போது விரல் விசைக்கூண்டின் வெளிப்பக்கத்தில் நீட்டி இருக்க வேண்டும்.

காலித் துப்பாக்கிதான் என்பதை எப்படி உறுதி செய்வது?

"காலிதான்" என்று யார் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். உங்களிடமிருந்து வாங்குபவர் மறுபடி பார்த்தால் கோபம் வரக் கூடாது.

தோட்டாத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏர் ரைபிளில் அது முடியாது. பெல்லட் குழலுக்குள் தள்ளப்பட்டபின் கண்ணில் படாது. இதற்காகத்தான் சேஃப்டி ஃபிளாக் (பாதுகாப்புக் கொடி) என்கிற ஆரஞ்சு நிறக் கயிறு. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கம்பியை ஒத்த அது, குழலின் முழு நீளத்தையும் கடந்து வாயில் ஒரு முனையும் அறையில் மறுமுனையும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு முனையும் தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை. சும்மா ஒரு துண்டை வாயில் சொருகிவைத்திருப்பவர்களும் உண்டு. அது அலங்காரம்தான், பாதுகாப்பு அல்ல. சர்வதேச விதிப்படி, சுட அனுமதி உள்ள நேரம் தவிர மற்ற எல்லா நேரத்திலும் இந்தக் கொடி துப்பாக்கியில் இருந்தாக வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகே ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) இழுத்து அறையில் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் அறையிலிருந்து ஒரு தோட்டா வெளியே விழும், அந்தத் திருப்தியில் மேகசினைக் கழற்றுவீர்கள். ஆனால் ஸ்லைடு திரும்பி வந்தபோது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். "காலித் துப்பாக்கி வெடித்தது" என்று வரும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்த வரிசைப் பிசகு இருக்கிறது.

சுடுவதை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் என்னென்ன கட்டளை கொடுப்பார்?

லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். நான்கே சொற்கள். "லோட்" சொல்லும்வரை பெல்லட் குழலுக்குள் போகக் கூடாது. "ஸ்டாப்" கேட்டதும், குறி எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், விசையை அழுத்தக் கூடாது. பாதி அழுத்திவிட்டேன், முடித்துவிடுகிறேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஆபத்தைக் கண்டால் "ஸ்டாப்" என்று குரல் கொடுக்க ரேஞ்ச் ஆபீசராக இருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் கத்தலாம். தவறாகக் கத்திவிட்டாலும் யாரும் திட்டக் கூடாது. நம் ஊரில் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் சிறியவர்கள் குரல் உயர்த்தத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கிளப் நிர்வாகம்தான் முதல் நாளே போக்க வேண்டும்.

யாராவது சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போகிறார்கள் என்றால், அது இலக்குத் தாளை மாற்றவோ எலக்ட்ரானிக் இலக்கின் தாள் சுருளைச் சரிசெய்யவோ இருக்கலாம், அவர்கள் திரும்பி வரும்வரை யாருமே துப்பாக்கியைத் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது, பெட்டிக்குள் வைக்கக் கூடாது, டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கி நிற்பது நல்ல வழக்கம்.

குண்டு இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் ட்ரை ஃபயரிங்கும் இப்படித்தான். அனுமதி கேட்டுக்கொண்டு, சுடும் கோட்டிலோ அதற்கென ஒதுக்கிய இடத்திலோ மட்டுமே செய்யலாம். உடைமாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று குறிபார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

விசையை அழுத்தியும் சுடவில்லை என்றால்?

முதல் உந்துதல், துப்பாக்கியைத் திருப்பி என்ன ஆயிற்று என்று பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, துப்பாக்கி பிடிக்காத கையை உயர்த்துங்கள்.

ஒலிம்பிக் அரங்கிலேயே இது நடந்திருக்கிறது. 2021 ஜூலையில் டோக்கியோவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நெம்புகோல் உடைந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் முறைப்படி அதிகாரிகளிடம் தெரிவித்து, துப்பாக்கியைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகே தொடர்ந்தார். 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம் வந்து, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். ஒலிம்பிக்கில் அந்த நெருக்கடியில் அவர் விதியை மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் நமக்கு என்ன அவசரம்?

.22 (0.22 அங்குலக் குழல்) போன்ற தோட்டாத் துப்பாக்கியில் இரண்டு விஷயங்கள் கூடுதலாகத் தெரிய வேண்டும். விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்காவிட்டால், அது தாமதமாக வெடிக்கக்கூடும். குழலை இலக்கின் பக்கம் வைத்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருந்து, பிறகு அறையைத் திறக்க வேண்டும். இரண்டாவது இதைவிட மோசமானது. வழக்கமான வெடிச்சத்தம் இல்லாமல் ஒரு மெல்லிய "பொட்" மட்டும் கேட்டால், மருந்து போதாமல் குண்டு குழலின் நடுவில் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துக் கிழியும். சத்தம் மாறியதும் நிறுத்திவிட்டு, அன்றைக்கு அந்தத் துப்பாக்கியைத் தொடாமல், ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் ட்ராப், ஸ்கீட் பழக வேறு கவனம் வேண்டுமா?

வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டதிலிருந்து ஷாட்கன் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்த விளையாட்டில் துப்பாக்கியை மடக்கித் திறந்தபடியேதான் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். திறந்திருந்தால் அது சுடாது என்பது தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். நிற்குமிடத்துக்கு வந்து, முறை வந்து, குழல் மைதானத்தைப் பார்த்திருக்கும்போது மட்டுமே மூட வேண்டும்.

போட்டிகளில் பொதுவாகப் பயன்படுவது 12 கேஜ் (குழல் அளவு; 20 கேஜ் அதைவிடச் சிறியது). சட்டைப் பையில் தப்பித்தவறி ஒரு 20 கேஜ் தோட்டா கலந்துவிட்டால் அது 12 கேஜ் அறையில் நிற்காமல் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து, தாங்கிப் பிடித்த கையைச் சிதைத்துவிடும். இதற்காகவே 20 கேஜ் தோட்டாவின் உறை மஞ்சள் நிறத்தில் வருகிறது. மஞ்சளாக எதையாவது தரையில் கண்டால் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சேர்க்கலாமா?

வயதைவிட மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். "ஸ்டாப்" என்றால் அந்தக் கணமே நிற்கிற பிள்ளையா? துப்பாக்கியின் எடையைத் தாங்கும் உடலா? பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்? போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு மேசையில் தாங்கி வைத்து, எடை குறைந்த ரைபிளில் பழக்குவார்கள். தாங்கி இல்லாமல் ஒன்பது வயதுக் குழந்தையின் கையில் முழு எடை ரைபிளைக் கொடுக்கும் இடம் சரியில்லை. கைசோர்ந்தால் குழல் தாழும், குழல் தாழ்ந்தால் எங்கே பார்க்கும் என்று சொல்ல முடியாது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு ரேஞ்சில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ஊஸி சப்-மெஷின் கன்னைக் கொடுத்தார்கள். முதலில் ஒற்றைத் தோட்டாவாகச் சுட்டாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு தானியங்கியாக மாற்றினார்கள். உதைப்பில் குழல் மேலேறித் திரும்ப, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரின் தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்தார். குழந்தை மேல் குற்றம் ஏதும் இல்லை. அவளால் கட்டுப்படுத்த முடியாத ஆயுதத்தை அவள் கையில் வைத்ததுதான் அந்தச் சாவு. நம் ஊரில் தானியங்கித் துப்பாக்கியைப் பிள்ளைகளிடம் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் "என் பையன் நன்றாகச் சுடுகிறான், அடுத்தது .22 கொடுங்கள்" என்று மூன்றாவது மாதத்திலேயே நச்சரிக்கும் அப்பாக்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காதுக்கும் கண்ணுக்கும் என்ன போட வேண்டும்?

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி ரேஞ்சில் காதடைப்பு கட்டாயம் இல்லை. தோட்டா, ஷாட்கன் ரேஞ்சில் கட்டாயம், சுடாமல் வேடிக்கை பார்ப்பவருக்கும்தான். துப்பாக்கி வெடிப்பின் உச்சம் 140 டெசிபலை எட்டும், பிஸ்டலும் ஷாட்கன்னும் அதைத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடி போதும், காதுக்குள் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிட. மூடிய கூடத்தில் காதுக்குள் வைக்கும் ஃபோம் அடைப்பான், அதன் மேல் இயர்மஃப் என இரண்டும் போடுங்கள். பஞ்சு பயன்படாது. பாட்டுக் கேட்கும் இயர்போனும் பயன்படாது.

கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி. சாதாரண மூக்குக்கண்ணாடி உடைந்து, தானே ஆபத்தாகிவிடலாம். பெல்லட் பிடிக்கும் பெட்டியின் தகடு குழிந்து போயிருந்தால் ஈயத் துணுக்குகள் திரும்பித் தெறிக்கும், ட்ராப் மைதானத்தில் களிமண் தட்டின் சில்லுகள் பறக்கும். எஃகுக் குண்டுகளைப் போட்டுக் கடினமான தகட்டில் சுடவே கூடாது. ஈயம் நசுங்கும், எஃகு அப்படியே திரும்பி வரும்.

உடையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தோட்டாத் துப்பாக்கியிலிருந்து வெளியே வீசப்படும் பித்தளை உறை சுடச்சுட வரும். அது திறந்த சட்டைக் கழுத்துக்குள் விழுந்தால், கையில் துப்பாக்கி இருப்பதை மறந்து மனிதன் துள்ளுவான். சிறிய தீக்காயம்தான், ஆனால் அந்தத் துள்ளலில் குழல் போகும் திசைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. கழுத்து மூடிய சட்டை, விரல் தெரியாத ஷூ. செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புங்கள் என்று கிளப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். இடக்கைக்காரர் இருந்தால், உறை தெறிக்காதபடி அவருக்கும் பக்கத்து லேனுக்கும் நடுவில் தடுப்புப் பலகை வைக்க வேண்டும்.

ஈயம் உடம்புக்குள் போகும் என்கிறார்களே?

போகும். வெடிச்சத்தத்துக்குப் பயப்படும் பலர் இதற்குப் பயப்படுவதில்லை, ஏனென்றால் இது வலிக்காது. பெல்லட் ஈயம், .22 குண்டு ஈயம், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது கூடுதல் கேடு.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். சுடும் மேசையில் முறுக்கு, சமோசா, காபி டம்ளர் எதுவும் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். ரேஞ்சில் போட்ட சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். இலக்கின் பக்கம் தேங்கும் தூசியை விளக்குமாற்றால் பெருக்கினால் ஈயத் தூள் முழுவதும் காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்கிறவர் பெரும்பாலும் விதி தெரியாத, முகக்கவசம் தரப்படாத துப்புரவுப் பணியாளர் என்பதையும் கிளப்புகள் நினைவில் வைக்க வேண்டும். மூடிய கூடமாக இருந்தால் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஓட வேண்டும். பக்கச் சுவரில் ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தால் அது தூசியை உங்கள் மூக்குக்கே கொண்டுவந்து தரும்.

காற்று சிலிண்டரில் கவனிக்க வேண்டியது என்ன?

போட்டித் துப்பாக்கியின் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். அலுமினிய சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் ஆயுள் 10 ஆண்டு, தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. செகண்ட் ஹேண்டில் ரைபிள் வாங்கும்போது முதலில் அந்தத் தேதியைப் படியுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருபோதும் ஆக்சிஜன் நிரப்பாதீர்கள், எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

பழைய ஸ்பிரிங் ரைபிளில் விரல் நசுங்கும் என்பது உண்மையா?

உண்மை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகையில், பெல்லட் வைக்கும்போது விசை தட்டிவிட்டால் குழல் சடாரென்று மேலே வந்து அடிக்கும். இடக்கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும், வலக்கை பெல்லட் வைக்க வேண்டும், பெல்லட் உள்ளே போய்க் குழல் மூடும்வரை இடக்கையை விடக் கூடாது.

வீட்டு மாடியில் பழகலாமா?

4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் வேண்டியதில்லை. உரிமம் வேண்டாம் என்பதை "எங்கே வேண்டுமானாலும் சுடலாம்" என்று புரிந்துகொள்கிறார்கள். மாடிச் சுவரில் தாளை ஒட்டிச் சுட்டால், குறி தவறிய பெல்லட் அடுத்த தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சேரும். காக்கை, குருவி, கிளி என்று குறிபார்க்கக் கை துறுதுறுக்கும் என்றால், பெரும்பாலான பறவைகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கது ட்ரை ஃபயரிங் மட்டும். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும். குறிபார்க்கும் சுவருக்குப் பின்னால் ஆள் புழங்கும் இடம் இருக்கக் கூடாது. முடிந்ததும் கொடியைப் போட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். பீரோவுக்கு மேலே வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை மட்டுமே. விருந்தாளி வீட்டுப் பையன் நாற்காலி போட்டு ஏறுவான்.

ரேஞ்சுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பக்கத்தில் பசுமலைப்பட்டியில் இருந்த சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாள் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சுடுதளத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். துப்பாக்கி பிடித்தவர்கள் புதியவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற படையினர்.

தூரம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது. 50 மீட்டரில் தாளைத் துளைக்கும் எளிய .22 தோட்டாவே தடையில்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் போகக்கூடியது. ராணுவ ரைபிளின் குண்டு அதைவிட அதிக தூரம் போகும். எனவே குண்டை ரேஞ்சுக்குள்ளேயே நிறுத்தியாக வேண்டும். இலக்குக்குப் பின்னால் போதுமான உயரமும் தடிமனும் உள்ள மண்மேடு, அதில் கல் கலக்காத மண், இருபுறமும் சுவர், குழல் சற்று மேலேறினாலும் குண்டு தப்பாதபடி தலைக்கு மேலே குறுக்குத் தடுப்புகள், இவை வேண்டும். மேடு ஆண்டுதோறும் மழையில் கரையும், ஒரே இடத்தில் குண்டு பாய்ந்து பாய்ந்து குழி விழும். கட்டும்போது சரியாக இருந்தது என்பது பதில் ஆகாது. கடைசியாக எப்போது மண் கொட்டி உயர்த்தினீர்கள் என்று கேளுங்கள். சேரப்போகும் கிளப்பில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ரேஞ்சுக்குப் பின்னால் வயல் வைத்திருப்பவருக்கு உங்களைவிட அதிக உரிமை உண்டு.

மீறி அடிபட்டுவிட்டால்?

முதலில் "ஸ்டாப்", எல்லாத் துப்பாக்கியும் கீழே. அடிபட்டவரை நோக்கி ஓடும் அவசரத்தில் யாரும் துப்பாக்கியோடு ஓடக் கூடாது. 108-க்கு ஒருவர் பேசட்டும், வாசலில் ஒருவர் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டட்டும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், விட்டுவிட்டு எட்டிப் பார்க்காதீர்கள். குண்டைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம்.

கண்ணில் பட்டிருந்தால் இதற்கு நேர்மாறு. அழுத்தவும் கூடாது, கழுவவும் கூடாது, சொட்டு மருந்தும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துக் கண்ணைத் தொடாமல் மூடி, தலையை உயர்த்தி உட்காரவைத்தபடி கண் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். பட்டது ஈயமா எஃகா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், உள்ளே எஃகு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்து.

போலீஸ் வழக்காகுமே என்று பயந்து தெரிந்த டாக்டரிடம் மறைவாகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. துப்பாக்கிக் காயம் என்றால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. ஆனால் சட்ட நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நாங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

பார்க்கலாம், சுடும் கோட்டுக்குப் பின்னால் பார்வையாளர் இடத்தில் இருந்து. போட்டோ என்றால் பின்னாலிருந்து மட்டும். "கேமராவைப் பார்த்துக் குறிவை கண்ணு" என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவது நல்லது. ஃபிளாஷ் வேண்டாம்.

போட்டிக்கு வெளியூர் போகும்போது எப்படிக் கொண்டுபோவது?

பூட்டிய பெட்டியில், கொடி போட்டு, பெல்லட் டப்பா தனியாக. வாங்கிய ரசீது, கிளப் உறுப்பினர் அட்டை, போட்டிக்கான அழைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகலை மேல் பையிலேயே வையுங்கள். ரயில் நிலையச் சோதனையில் கேட்டால் பெட்டியை நீங்களாகத் திறந்து காட்டத் தொடங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள், அவர்கள் சொன்ன இடத்தில் திறங்கள். விமானம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும், துப்பாக்கி செக்-இன் சாமானில்தான் போகும். சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றியிருக்க வேண்டும். போட்டி நடக்கும் ஊரில் நிரப்பிக்கொள்ள ஏற்பாடு இருக்கும், உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தும் அடாப்டரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.